முதலில் வந்து சொல்பவர்

ஸ்டெல்லா,

அடுத்த வாரம் நீ தில்லிக்கு வண்டியேறுகிறாய். வியாபாரிகள் உண்மையிலேயே ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறார்களா, அல்லது கூடிப் பேசி விலை வைக்கிறார்களா என்று விசாரிக்கிற அரசு ஆணையத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வழியனுப்பச் சென்னைக்கு வரும்போது நேரில் பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேரில் பேசினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், நீயும் சிரித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். சொல்லப்போவதை முதலில் வரிசையாகப் போட்டுவிட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

1. சட்டத்தின் பெயர் மாறாமலே அதன் மனம் மாறும். எந்த மனத்தோடு இருக்கும்போது நீ உள்ளே போகிறாய் என்று பார்த்துக்கொள்.
2. எல்லாவற்றையும் வெளிப்படையாக்கினால் கூட்டுச் சதி நின்றுவிடும் என்று நம்பாதே.
3. அரசு தானே வேலி போட்டு வைத்திருக்கும் இடத்தில் உன் சட்டம் தயங்கி நிற்கும்.
4. உன் மேசைக்கு வரும் கோப்பின் ஆயுள் உன் பதவியின் ஆயுளைவிட நீளமானது.
5. செல்வம் என்ற வியாபாரி உன் ஆணையத்தைத் தேடி வரக்கூடும். அவரை நம்பாதே.

செல்வம் என்பது அவருடைய உண்மையான பெயர் அல்ல. கடிதம் எத்தனை கை மாறும் என்று யாருக்குத் தெரியும்? நான் வேலை பார்த்த விற்பனைக் கூடத்தின் பெயரையும் அதனால்தான் எழுதப்போவதில்லை.

முதல் விஷயம். சட்டம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது சட்டத்தை அல்ல, அது ஒவ்வொரு காலத்தில் யாரைச் சந்தேகப்பட்டது என்பதை. நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது ஏகபோகத் தடுப்புச் சட்டம் என்று ஒன்றைப் பாடமாக வைத்திருந்தார்கள். பெரிதாக இருப்பதே அன்று குற்றத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பெரிய நிறுவனம் இன்னொரு ஆலை கட்டவோ, வேறொரு நிறுவனத்தை வாங்கவோ தில்லியின் அனுமதி வேண்டும். இது மிகவும் நியாயம் என்று பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். சட்டத்தின் பெயர் அப்படியே இருந்தது. அளவைப் பற்றிய பகுதியை மட்டும் உள்ளேயிருந்து உருவி எடுத்துவிட்டார்கள். பெரிதாக இருந்தால்தான் உலகத்தோடு போட்டி போட முடியும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். படித்தவர்கள் எழுதியதுதான். நான் பரீட்சையில் எழுதியது பொய்யா, இவர்கள் எழுதுவது பொய்யா என்று அன்று குழம்பியவன் இன்னும் தெளியவில்லை. அந்தப் பழைய சட்டத்துக்கு அபராதம் போடும் அதிகாரமும் கிடையாது. இனிமேல் இப்படிச் செய்யாதே என்று உத்தரவு போடலாம், அவ்வளவுதான். பிறகு, நீ வேலை செய்யப்போகிற புதிய சட்டம் வந்தது. அது அளவைப் பார்க்காமல் நடத்தையைப் பார்ப்போம் என்றது. சொல்லிவிட்டு, அமலுக்கு வராமல் பல ஆண்டுகள் தூங்கியது. நாட்டில் அந்த ஆண்டுகளில் யாரும் கூடிப் பேசி விலை வைக்கவில்லை என்று நினைக்கிறாயா?

இதை நான் தொலைபேசியில் சொன்னபோது, "அப்பா, இதுக்குப் பேரு சந்தேகம் இல்ல, வயசு" என்றாய். இருக்கலாம். ஆனாலும் ஒன்றைக் கவனி. முதல் காலத்தில் சட்டம் பெரியவனைத் தேடியது. அடுத்த காலத்தில் யாரையும் தேடவில்லை. பிறகு தவறாக நடப்பவனைத் தேடியது. இப்போது, சதியில் இருந்தவர்களில் யார் முதலில் வந்து உண்மையைச் சொல்கிறாரோ அவருக்குத் தண்டனையைக் குறைத்து, அவர் வாயால் மற்றவர்களைப் பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் இதுதான் சரியான வழி என்று ஒரே குரலில்தான் சொன்னார்கள். நாளைக்கு யாரைத் தேடும் என்று உன்னிடம் கேட்டேன்.  அடுப்பில் பால் பொங்குகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டாய். நீ பால் வாங்குவதே இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள்.

இரண்டாவது விஷயத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, செய்து தெரிந்துகொண்டேன். விற்பனைக் கூடத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்த காலம். விவசாயிகள் மக்காச்சோளத்தைத் தரையில் குவியல் குவியலாகக் கொட்டி வைப்பார்கள். வியாபாரிகள் சுற்றி வந்து, ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதிக விலை போட்டவருக்குக் குவியல். சீட்டில் இருக்கும் விலைகள் ஒன்றுக்கொன்று சொல்லி வைத்த மாதிரி இருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சமயம் மேலிடத்திலிருந்து வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நானாக முன்வந்து ஒரு காரியம் செய்தேன். வாசலில் கரும்பலகை வைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் எந்த வியாபாரி என்ன விலை போட்டார் என்று பெயரோடு தினமும் எழுதச் செய்தேன். விவசாயிகள் கூடி நின்று படித்தார்கள். "இப்பத்தான் சார் எங்களுக்குக் கண்ணு தெரியுது" என்றார் ஒருவர். அன்று வீட்டுக்கு வரும் வழியில் உனக்கு மிட்டாய் வாங்கி வந்தேன்.

அதன்பிறகு விலை மெல்ல மெல்ல இறங்கியது. எனக்குக் காரணம் புரியவில்லை. மழையைச் சொன்னேன், கோழித் தீவனக் கம்பெனிகளைச் சொன்னேன். ஒரு நாள் சோளக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செல்வம் சொன்னார். அப்போது அவர் மோட்டார் சைக்கிளில் வந்து போகிற புது வியாபாரி, மீசைகூட ஒழுங்காக வளரவில்லை.

"சார், முன்னெல்லாம் எவன் ஏத்திப் போட்டான்னு எங்களுக்கே தெரியாது. பேசி வச்ச வெலயத் தாண்டி எவனாவது ஒருத்தன் திருட்டுத்தனமா ஜாஸ்தி போட்டுடுவான். ஒருத்தன ஒருத்தன் மொறச்சிக்கினே கெடப்போம். நீங்க போர்டு போட்டீங்க பாருங்க, அன்னிலேர்ந்து ஏத்திப் போட்டவன் பேரு சாயங்காலமே தெரிஞ்சிடுது. இப்ப எவனும் மீறறதில்ல. உங்களுக்கு செல வைக்கணும் சார்."

"செலைக்குப் பக்கத்துல அந்த போர்டையும் வைங்கடா" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்வது என்று தெரியாததால்.

பலகையை எடுத்துவிட வேண்டும் என்று அன்றே குறிப்பு எழுதினேன். எழுதியதை அனுப்பவில்லை. வெளிப்படைத்தன்மைக்கு எதிரான ஆள் என்று மேலிடம் நினைத்துவிடுமோ என்ற பயம். எனக்கு மாறுதல் வரும்வரை அந்தப் பலகை அங்கேயே இருந்தது. இப்போது ஏலம் கணினித் திரையில் நடக்கிறது, மற்றவர் போட்ட விலை தெரியாதாம். சங்கம் வைத்துக்கொண்டு உறுப்பினர்களின் விலையை வெளியிடுகிறவர்களையே உன் ஆணையம் இப்போது சந்தேகமாகப் பார்க்கிறது என்றும் நீ சொன்னாய். அன்று எனக்குப் பாராட்டுக் கடிதம் வாங்கித் தந்த காரியம் இன்று விசாரணைக்கு உரிய காரியம். உன் மேலதிகாரி ஒன்றைச் சீர்திருத்தம் என்று சொன்னால், அதனால் யாருக்கு யாரைக் கண்காணிக்க வசதி ஏற்படுகிறது என்று ஒரு தடவை யோசித்துப் பார்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணலூர்பேட்டையில் உன் பெரியப்பா போடும் கரும்பு எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்வதில்லை. இந்த ஊர்க் கரும்பு இந்த ஆலைக்கு என்று அரசாங்கமே எல்லை பிரித்து வைத்திருக்கிறது. போன பொங்கலுக்கு அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "பக்கத்து ஆலைக்காரன் சீக்கிரம் பணம் தரான்னு ஊருக்கே தெரியும். இன்னா பண்றது? நம்ம கரும்புக்கு மாமியார் வூடு இதுதான்னு கவர்மெண்டே எழுதி வச்சிடுச்சு. வாழாவெட்டியா வந்து நின்னா நாமதான் சோறு போடணும்." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அந்த எல்லை போட்டதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்திருக்கும். ஆலை கட்டினால் கரும்பு வேண்டுமே. அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? இதே காரியத்தை நான்கு வியாபாரிகள் செய்தால் அது உன் சட்டத்தில் குற்றம். அரசு செய்தால் அது திட்டம்.

நான்காவதை எழுத ஆரம்பித்தபோது உன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "காலையிலேர்ந்து இன்னாங்க எழுதிக்கினே இருக்கீங்க?" என்று எட்டிப் பார்த்தாள். படித்துக் காட்டினேன். "பொண்ணு மொதமொத டெல்லிக்கு வேலைக்குப் போவுது. நல்லபடியா போயிட்டு வாம்மான்னு ஒரு வரி இல்ல. இன்னாத்துக்கு இந்த ஒப்பாரி?" என்றாள். அந்த ஒரு வரியை இங்கே எழுதிவிடுகிறேன்: நல்லபடியாகப் போய் வா அம்மா. இனி நான்காவது.

அபராதத்தை எதன் மேல் கணக்கிடுவது என்பதிலேயே இருபது ஆண்டுக்குள் எத்தனை மாற்றம் என்று பார். ஆணையம் பெரிய தொகையாகப் போட்டது. தவறு நடந்த அந்தச் சரக்கின் வியாபாரத்தை மட்டும் வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, நிறுவனத்தின் உலக வியாபாரம் முழுவதையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. ஒரே குற்றம், எந்த ஆண்டில் தீர்ப்பு வருகிறது என்பதைப் பொறுத்துத் தண்டனை சுருங்கும், விரியும். அப்படியானால் பெரிய கம்பெனியின் வக்கீல் என்ன செய்வார்? காற்று மாறும்வரை வாய்தா வாங்குவார். நீ சுறுசுறுப்பாக விசாரித்து அனுப்பிய கோப்பு, அவசரமே இல்லாத வேறொருவர் காலத்தில் மூடப்படும். இப்போது சில வழக்குகளில் சமரசம் பேசி முடித்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். கூடிப் பேசி விலை வைப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது என்று நீ அழுத்திச் சொன்னாய். இப்போதைக்குக் கிடையாது என்று நான் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டாய். நான் சொன்னது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கலாம். ஆனால் முப்பது வருடம் சுற்றறிக்கைகளைத் தேதி வாரியாகத் தைத்து வைத்தவன் நான். மேலே இருப்பது கீழே இருப்பதை மறுக்காத கோப்பை நான் பார்த்ததே இல்லை.

இனி ஐந்தாவது. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு போடுகிறவர்களின் கஷ்டம் உனக்குக் கொஞ்சம் தெரியும். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் அது காத்திருக்காது. இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட் கம்மி' என்று தள்ளிவிடுவார்கள். மலைக்கு மேலே யார் லாரி அனுப்புகிறாரோ அவரிடம்தான் விற்க வேண்டும். அந்த லாரி வியாபாரிகள் வருடா வருடம் அறுவடைக்கு முன் ஓரிடத்தில் கூடி ஊர்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. ஒருவர் பங்குக்குள் இன்னொருவர் லாரி ஏறக் கூடாது. அவர்களுக்கு ஒரு தலைவர் உண்டு; அவர் சொன்னால் ஆலைக்காரர்களும் கேட்பார்கள். விலையைப் பற்றி அவர்கள் பேசவே தேவையில்லை. ஒரே லாரி வந்து நிற்கும் ஊரில் லாரிக்காரர் சொல்வதுதான் விலை.

செல்வம் இப்போது அவர்களில் ஒருவர். சொந்தமாக இரண்டு லாரி, தலையெல்லாம் நரை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். உன் அம்மா உள்ளே அழைத்து நாற்காலி போட்டாள். 

"சார், உங்க பொண்ணு டெல்லியில அந்த ஆபீஸ்ல சேருதாமே?" என்றார்.

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது சார். அம்மாதான் சொன்னாங்க." உன் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். "நாங்க ஊர் பிரிக்கிற கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் போயி எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருக்கேன். மொதல்ல போயி சொல்றவனுக்குத் தண்டன கம்மியாமே. எந்தக் கதவத் தட்டணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"இத்தனை வருடம் இல்லாமல் இப்போது ஏன்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "எனக்குக் கரியாலூர் பக்கம் இருந்திச்சு சார். அதப் புடுங்கி எங்க தலைவரு மருமவனுக்குக் குடுத்துட்டானுங்க. எனக்கு வெறும் பாற மேடு. கோவந்தான் சார். திருந்திட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. அதற்கான காரணங்களை யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று, உன்னை வளைக்க முடியுமா என்று பார்க்க அந்தக் கூட்டமே அவரை அனுப்பியிருக்கலாம். அடுத்தது, நீ ஒரு வார்த்தை பதில் சொன்னாலும், அதிகாரி குடும்பம் வழியாகக் காரியம் நடக்கிறது என்று நாளைக்கு அதையே உனக்கு எதிராகக் காட்டலாம். மூன்றாவது, என்னைப் பார்த்துச் சிலை வைக்கணும் என்று சிரித்தவர் அவர். பங்கு கிடைக்காத கோபத்தில் வருகிறவர், பங்கு கிடைத்தால் திரும்பிப் போய்விடுவார். இதையே பெயர் சொல்லாமல் உன்னிடம் பொதுவாகக் கேட்டேன், நினைவிருக்கும். நீ சொன்னாய்: "அப்பா, நாங்க நல்லவனைத் தேடல. முதல்ல வர்றவனைத் தேடறோம். கோபத்துல வந்தா என்ன, பயத்துல வந்தா என்ன? சொல்றது உண்மையா, சரிபார்க்க முடியுமா, அவ்வளவுதான்." அரசாங்கம் இப்படி ஆகிவிட்டதே, தானே உழைத்துக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு, கோள் சொல்பவனுக்காகக் காத்திருக்கிறதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இருந்தாலும் நான் முறைப்படி விசாரிக்காமல் முடிவு செய்யவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் எடைமேடை வைத்திருக்கிறாரே, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலையிலிருந்து இறங்கும் கிழங்கு லாரியெல்லாம் அவரிடம்தான் நிற்கும். அவரிடம் போய்ச் சாதாரணமாக, "செல்வம் இன்னும் அந்தக் கூட்டத்தோடதான் இருக்காரா, பிரிஞ்சிட்டாரா?" என்று கேட்டேன். "ஏன் சார் கேக்குறீங்க?" என்றார். "சும்மாதான்" என்றேன். "நேத்துகூட எல்லாரும் ஒண்ணா உக்காந்து பிரியாணி துன்னாங்க சார்" என்றார். நான் எதையும் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். பிரிந்து போகிறவர் சேர்ந்து சாப்பிட மாட்டார். ஆகவே அவர் உளவு பார்க்க வந்தவர் என்று முடிவு செய்தேன். உன்னைத் தேடி வந்தால் நம்பாதே.

இதுவரை எழுதி மடித்து, உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் இன்னொரு முறை சரிபார்த்துவிடலாம் என்று நேற்றுக் காலை டவுன் பஸ் பிடித்து எடைமேடைக்குப் போனேன்.

போய்ச் சேரவில்லை. கோமுகி அணைக்குப் பிரிகிற சாலைக்குக் கொஞ்சம் முன்னால் புளியமரத்து நிழலில் செல்வத்தின் லாரி நின்றது. பஸ் ஜன்னல் வழியாகவே புளிப்பு வாடை அடித்தது. இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை; அப்படி இறங்குகிற ஆள் இல்லை நான். லாரி நிறையக் கிழங்கு. தார்ப்பாய் பாதி விலகிக் கிடந்தது. செல்வம் கீழே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரியாலூர் அண்ணாமலை. முன்பு விற்பனைக் கூடத்துக்குச் சோளம் கொண்டுவருவார், நீ சின்ன வயதில் அவர் தந்த பலாப்பழத்தைத் தின்று வயிற்றுவலியில் துடித்தாயே, அவர்தான்.

"வாங்க சார்" என்றார் செல்வம். ஒரு கிழங்கை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்துக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மை சிந்தின மாதிரிக் கோடுகள். "மோந்து பாருங்க."

"ஏன் ஆலைக்குக் கொண்டுபோகவில்லை?"

"போவாமயா? மொத ஆலையில பாயிண்ட் கம்மின்னான். அப்ப கெழங்கு பாலாட்டம் இருந்திச்சு சார். ரெண்டாவது ஆலையில மிஷின் ரிப்பேருன்னான். மிஷின் ஓடற சத்தம் ரோட்டுக்குக் கேக்குது. மூணாவதுல கேட்டே தெறக்கல. வாட்ச்மேன் வந்து சொல்றான், 'அண்ணே, நீ டெல்லிக்குப் போறியாமே, கெழங்கயும் அங்கயே எத்துக்கினு போயிடு'ன்னு."

அண்ணாமலை குறுக்கிட்டார். "எங்கூருக்கு இந்தவாட்டி ரெண்டு லாரி வந்துச்சு சார். மருமவன் லாரி ஒண்ணு, இவரு லாரி ஒண்ணு. வராத லாரி வந்துட்டுதுன்னு ஊரே கூடிப்போச்சு. எங்கம்மா சாவுக்குக்கூட அவ்ளோ கூட்டம் இல்ல. இவரு ஏத்திக் கேட்டாரு, குடுத்தேன். என் பொயப்புல மொதவாட்டி ரெண்டு பேரு எங்கிட்ட வெல கேட்டாங்க." உடைந்த கிழங்கை எடுத்து லாரிக்குள் போட்டார். "இனிமே எவன் சார் ரெண்டாவது லாரி அனுப்புவான்?"

நான் செல்வத்திடம் மெதுவாகக் கேட்டேன். "தில்லிக்குப் போவதாக யார் யாரிடம் சொன்னீர்கள்?"

"உங்க ஒருத்தர்கிட்டதான் சார்."

அவர் குற்றம் சாட்டவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை என்று வாய்வரை வந்தது. அது உண்மை. நான் சொல்லவில்லை, கேட்டேன். செல்வம் பிரிந்துவிட்டாரா என்று, மகள் அந்த ஆணையத்தில் சேரப்போகிறவன், எல்லா லாரியும் நிற்கிற இடத்தில் போய்க் கேட்டேன். அந்தப் பழைய நண்பர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார்; சார் வந்தார், இப்படிக் கேட்டார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். அதுவே போதும். மீறுகிறவன் பெயரை அன்று கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்தேன். இந்த முறை பலகை இல்லாமலே அதைச் செய்துவிட்டேன் அம்மா.

எடைமேடையில் நான் கேட்டதைச் செல்வத்திடம் சொன்னேன்.   அவர் சிரித்துவிட்டார். "சார், நீங்க மாறவே இல்ல. உங்களுக்கு வைக்க வேண்டிய செல இன்னும் பாக்கி இருக்குது." அப்புறம் சொன்னார், "எனக்குக் கெழங்கு போனது பெருசில்ல. தலைவருக்கு இப்ப விசயம் தெரிஞ்சிபோச்சு. அவரே முந்திக்கினு போயி மொத ஆளா நின்னுட்டாருன்னா? அப்பறம் கதையில திருடன் நான்தான்." சதியின் தலைவரே முதல் ஆளாகப் போய் நின்றால் சட்டம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாதே.

பிற்பகல் செல்வத்தோடு கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து உன் ஆணையத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்கச் செய்தேன். யாரிடம் போக வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று எல்லோரும் படிக்கிற மாதிரியே போட்டிருக்கிறார்கள். கதவு எது என்று உன்னிடம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமையே அவரை அழைத்துக்கொண்டு இந்த மையத்துக்கு வந்திருந்தால் போதும். அச்சடித்து அவரிடம் கொடுத்தேன். அவருக்காக விண்ணப்பத்தை நேற்று மாலையே நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். படித்துப் பார்த்து அவர் அனுப்பினார். அவருக்கு முன்னால் யாராவது போய்விட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. நேரில் கூப்பிட்டால் போவதற்குத் தயாராக இருக்கிறார்.

அவர் போனால் நானும் போவேன். ஆலைகள் திருப்பி அனுப்பிய லாரியைக் கண்ணால் பார்த்தவன் நான். எடைமேடையில் கேள்வி கேட்டவனும் நான்தான். சாட்சி சொல்ல வருகிறேன் என்று செல்வத்திடம் சொன்னேன். "போர்ட கழட்டவே பயந்தவரு நீங்க, டெல்லிக்கா?" என்றார். பயம் இப்போதும் இருக்கிறது.  உன் அம்மா மட்டும், "ஸ்வெட்டர் எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்று. வேலையில் சேர்ந்தவுடனே, இந்த விஷயத்தில் என் தகப்பனார் சாட்சி, நான் இதைத் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகி நின்றுகொள். நீ சேர்ந்த புதிதிலேயே, நம் ஊர் விஷயத்திலேயே, உன் கையைக் கட்டிப்போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். முன்னே எழுதிய நான்கு விஷயங்களையும்கூடச் சந்தேகத்தோடே படி. எனக்கு அவற்றில் எவ்வளவு நிச்சயம் இருந்தது என்று இப்போது தெரியவில்லை. பட்டியலை அடித்து எழுதாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அடித்திருந்தால், கீழே அப்பா என்ன எழுதியிருந்தார் என்று நீ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாய். நீ என் பெண்.

ஒரு நாள் உன் அலுவலக வரவேற்பறையில் நரைத்த தலையோடு ஒரு வியாபாரி உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட கிழவன் ஒருவன் இருந்தால், தெரிந்தவனைப் போலக் காட்டிக்கொள்ளாமல் நீ உன் வழியே போ. அந்த வியாபாரி சொல்வதை, கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும். ஐந்தாவதாக நான் எழுதியது தவறு.

அப்பா